பசி போன பிறகு: எடைக்குறைப்பு அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும்

எங்கள் வீட்டு வாசலில் யார் செருப்பைக் கழற்றினாலும் அம்மா கேட்கும் முதல் கேள்வி, “பசியாறியாச்சா?” என்பதுதான். பள்ளி விட்டு வந்தாலும் அதே கேள்வி. தேர்வில் மதிப்பெண் குறைந்து முகம் வாடி வந்தாலும் அதே கேள்வி. சென்ற ஆண்டு மே மாதம் என் இரைப்பையின் பெரும்பகுதியை அறுவை சிகிச்சையில் அகற்றினார்கள். அதன் பிறகு பல மாதங்களுக்கு எனக்குப் பசியே இல்லை. அம்மாவுக்கு என்னிடம் என்ன கேட்பது என்றே தெரியவில்லை.

எனக்கு இப்போது வயது 24. பல்கலைக்கழகத்தில் இறுதியாண்டு படிக்கிறேன். அறுவை சிகிச்சை பற்றி நெருங்கிய நண்பர்கள் இருவரைத் தவிர வேறு யாரிடமும் நான் முதலில் சொல்லவில்லை. “பித்தப்பையில் கல்” என்று சொல்லிச் சமாளித்தேன். இப்போது வெளிப்படையாக எழுதக் காரணம், என்னிடம் தனியாக வந்து விசாரிக்கும் இளையர்களின் எண்ணிக்கை கூடிவிட்டது. அவர்களில் பலர் பார்த்தது, சமூக ஊடகங்களில் வரும் ‘முன்’, ‘பின்’ என்ற இரண்டு படங்களை மட்டும்தான். அந்த இரண்டு படங்களுக்கும் இடையே நடப்பதை யாரும் படம்பிடிப்பதில்லை.

குறைந்ததும் கூடியதும்

சிறு வயதிலிருந்தே நான் குண்டுப் பையன்தான். என் அத்தை மகள் காலத்துப் பள்ளிகளில் ‘டாஃப்’ என்ற உடலுறுதித் திட்டம் இருந்தது. 1992ல் தொடங்கிய அத்திட்டத்தின்கீழ், எடை கூடிய மாணவர்களைத் தனியாகப் பிரித்து, கூடுதலாக உடற்பயிற்சி செய்ய வைத்தார்கள். ஆங்கிலத்தில் அந்த மூன்றெழுத்தைத் திருப்பிப் போட்டால் ‘குண்டு’ என்று பொருள்படும். அத்தை மகளுக்கு 36 வயதாகிறது. இன்றும் அந்தச் சொல்லைக் கேட்டால் அவர் முகம் மாறும். அத்திட்டம் 2007ல் முடிவுக்கு வந்தது. நான் பள்ளியில் சேர்ந்தபோது அது இல்லை. ஆனால் கேலி மட்டும் அப்படியே இருந்தது.

தொடக்கக் கல்லூரி முடித்துத் தேசிய சேவைக்குச் சென்றபோது என் எடை 116 கிலோ. எடை கூடியவர்களுக்கான நீண்ட அடிப்படை ராணுவப் பயிற்சியில் சேர்க்கப்பட்டேன். புலாவ் தெக்கோங்கிலிருந்து வெளிவந்தபோது 98 கிலோ. வீட்டில் எல்லாருக்கும் பெருமை. அடுத்த நான்கு ஆண்டுகளில் அந்த 18 கிலோவும் திரும்பி வந்தது. கூடவே இன்னும் 10 கிலோவையும் அழைத்து வந்தது.

மனவுறுதி இல்லாததால்தான் இப்படி ஆனது என்று நான் நம்பினேன். மருத்துவர் வேறொரு விளக்கம் கொடுத்தார். எடை வேகமாகக் குறையும்போது, உணவுப் பஞ்சம் வந்துவிட்டதாக உடல் எடுத்துக்கொள்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் என்ற சுரப்பு கூடுகிறது. ஓய்வாக இருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தி குறைகிறது. அமெரிக்கத் தொலைக்காட்சி எடைக்குறைப்புப் போட்டி ஒன்றில் பங்கெடுத்த 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்து ஆராய்ந்த ஆய்வு 2016ல் வெளியானது. அவர்களின் உடல், எதிர்பார்க்கப்பட்டதைவிட நாளுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே செலவழித்துக்கொண்டிருந்தது. அதாவது, ஆறு ஆண்டுகளாகியும் உடல் பழைய எடையை மறக்கவில்லை.

22 வயதில், விரிவுரையின் நடுவே நான் தூங்கி விழத் தொடங்கினேன். தாகம் அடங்கவே இல்லை. பலதுறை மருந்தகத்தில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் இரண்டாம் வகை நீரிழிவு என்று தெரிந்தது. மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு 7.4 விழுக்காடு. என் அப்பாவுக்கு அந்நோய் வந்தபோது அவருக்கு வயது 41. சிறுநீரகம் பழுதாகி, இப்போது அவர் வாரம் மூன்று முறை ரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்கிறார். அவரைவிட 19 ஆண்டுகள் முன்னதாக நான் அதே வரிசையில் நிற்கப் போய்விட்டேன் என்பது வீட்டில் எல்லாருக்கும் புரிந்தது. யாரும் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

அறுவைக்கு முன்: கேள்விகள், பரிசோதனைகள்

உணவுக் கட்டுப்பாடு, மாத்திரை, வாரம் ஒருமுறை போடும் ஊசி மருந்து, அறுவை சிகிச்சை ஆகிய எல்லா வழிகளையும் மருத்துவர் எடுத்துரைத்தார். சிங்கப்பூரில் பொதுவாக உடல் எடைக் குறியீட்டெண் 37.5 அல்லது அதற்கு மேல் இருப்போருக்கும், நீரிழிவு, உயர் ரத்த அழுத்தம் போன்ற நோய்களுடன் 32.5க்கு மேல் இருப்போருக்கும் அறுவை சிகிச்சை பரிசீலிக்கப்படுகிறது. என் எண் 41.6.

எனக்குச் செய்ததில் இரைப்பையின் ஏறத்தாழ 75 முதல் 80 விழுக்காட்டை வெட்டி எடுத்துவிடுவார்கள். எஞ்சுவது வாழைப்பழ வடிவிலான ஒரு குழாய். கிரெலின் அதிகம் சுரக்கும் பகுதியும் வெட்டிய பகுதியோடு போய்விடுவதால் பசி குறைகிறது. இன்னொரு முறையில், இரைப்பையின் மேற்பகுதியைச் சிறு பையாக்கி, அதைச் சிறுகுடலோடு நேரடியாக இணைப்பார்கள். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் டாக்டர் எட்வர்ட் மேசன் 1966ல் அந்த ‘பைபாஸ்’ முறையைத் தொடங்கிவைத்தார். எனக்குச் செய்த முறையில் வெட்டியதைத் திரும்ப ஒட்ட முடியாது. 23 வயதில் இப்படியொரு முடிவுக்குக் கையெழுத்திடுவது எளிதன்று.

முதல் சந்திப்பிலிருந்து அறுவை நாள் வரை எட்டு மாதமானது. ரத்தப் பரிசோதனை, வாய்வழியே குழாய் விட்டு இரைப்பையைப் பார்ப்பது, கல்லீரலுக்கு ஸ்கேன், ஓர் இரவு முழுவதும் தூக்கப் பரிசோதனை எல்லாம் நடந்தன. தூக்கத்தில் என் மூச்சு அடிக்கடி நின்று போவது அப்போதுதான் தெரியவந்தது. விரிவுரையில் தூங்கியதற்கு அதுதான் காரணம். இரவில் காற்றழுத்த முகக்கருவி அணிந்து தூங்கச் சொன்னார்கள்.

உணவியல் நிபுணர், ஒரு வாரம் சாப்பிடுவதை எல்லாம் எழுதி வரச் சொன்னார். அம்மாவும் கூட வந்திருந்தார். ஏட்டைப் பார்த்த நிபுணர், “இரவில் இரண்டு கரண்டிச் சோறுதானா?” என்று கேட்டார். நான்கு கரண்டியை இரண்டாகத் திருத்தி எழுதியிருந்தவர் அம்மா. திரும்பி வரும்போது எம்ஆர்டி ரயிலில் அம்மா மெதுவாகக் கேட்டார். “நான் ஆக்கிப் போட்டதுலதான் உனக்கு இப்படி ஆச்சாப்பா?”

இல்லை என்று உடனே சொன்னேன். அவர் நம்பவில்லை. நானும் அப்போது முழுமையாக நம்பிச் சொல்லவில்லை.

மிகவும் கடினமாக இருந்தது மனநல நிபுணருடனான சந்திப்பு. “மனசு சரியில்லாதபோது என்ன செய்வீர்கள்?” என்று கேட்டார். கீழே காப்பிக்கடைக்குச் சென்று, இரவு 11 மணிக்கு மூன்று பரோட்டா சாப்பிடுவேன் என்றேன். “அறுவைக்குப் பிறகு அது முடியாது. அதற்குப் பதிலாக என்ன செய்வீர்கள்?” என்றார். என்னிடம் பதில் இல்லை. பதிலோடு வரும்படி சொல்லி இன்னும் இரண்டு சந்திப்புகளுக்கு நாள் குறித்தார். அன்று எனக்குக் கோபம் வந்தது. இன்று யோசித்துப் பார்த்தால், எல்லாப் பரிசோதனைகளிலும் அதுதான் முக்கியமானது.

செலவு பற்றியும் பலர் கேட்கிறார்கள். மருத்துவக் காரணத்துக்காகச் செய்யப்படும் இந்த அறுவை சிகிச்சைக்கு வரம்புக்குட்பட்டு மெடிசேவ் தொகையைப் பயன்படுத்தலாம். எவ்வளவு கையிலிருந்து கட்ட வேண்டியிருக்கும் என்பதை மருத்துவமனையின் நிதி ஆலோசகர் முன்கூட்டியே கணக்கிட்டுச் சொல்வார்.

இரண்டு வாரக் கரைசல், இரண்டு இரவு மருத்துவமனை

அறுவைக்கு முந்தைய இரண்டு வாரங்களுக்கு, உணவுக்குப் பதிலாகப் புரதச்சத்து மாவைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். எடையைக் குறைப்பது இதன் முதல் நோக்கமன்று. கொழுப்பேறிய கல்லீரல் பெருத்து இரைப்பையை மறைத்துக்கொண்டு நிற்கும். இரண்டு வாரத்தில் அது சற்றுச் சுருங்கினால், அறுவை மருத்துவருக்கு வேலை செய்ய இடம் கிடைக்கும். முதல் நான்கு நாள் தலைவலியும் எரிச்சலும் தாங்க முடியவில்லை. அந்த வாரம் வீட்டில் தாளிக்கும் வாசம் வரக்கூடாது என்று அம்மா அடுப்பே மூட்டவில்லை. அப்பாவுக்கும் தங்கைக்கும் கடையிலிருந்து வாங்கி வந்து, அவர்கள் அறைக்குள் சாப்பிட்டார்கள்.

வயிற்றில் ஐந்து சிறு துளைகள் வழியாக அறுவை நடந்தது. உயிரிழப்பு ஆபத்து மிகக் குறைவு என்றாலும், தையல் வழியே கசிவு, ரத்தக்கசிவு, கால் ரத்தக்குழாயில் ரத்தக்கட்டு ஆகியவை ஏற்படலாம் என்று தெளிவாகச் சொல்லியே கையெழுத்து வாங்கினார்கள்.

கண்விழித்தபோது வயிற்றைவிடத் தோள்பட்டைதான் அதிகம் வலித்தது. அறுவையின்போது வயிற்றை உப்பவைக்கச் செலுத்தும் கரியமில வாயு, பிறகு தோளில் வலியாகத் தெரியுமாம். சில மணி நேரத்திலேயே தாதி என்னை எழுப்பி நடக்க வைத்தார். ரத்தக்கட்டைத் தடுப்பதற்கு நடையும் ஒரு மருந்து. மருந்து ஊற்றித் தரும் சின்னக் கோப்பையில் 30 மில்லிலிட்டர் தண்ணீர். அதைக் கால் மணி நேரம் வைத்திருந்து உறிஞ்ச வேண்டும். ஒருமுறை தாகத்தில் ஒரே மடக்காகக் குடித்தேன். நெஞ்சுக்குள் யாரோ கல்லை வைத்து அழுத்தியது போலிருந்தது. அதற்குப் பிறகு அவசரப்படவில்லை. மூன்றாம் நாள் வீடு திரும்பினேன்.

அறுவைக்குப் பின்: சிறிய கிண்ணம்

முதல் வாரம் தெளிந்த திரவம். இரண்டாம் வாரம் பால், வடிகட்டிய சூப். மூன்றாம், நான்காம் வாரங்களில் மசித்த உணவு. பிறகு இரண்டு வாரம் மென்மையான உணவு. அதன் பின்னரே வழக்கமான சாப்பாடு. மருத்துவமனைக்கு மருத்துவமனை இந்த அட்டவணை சிறிது மாறும்.

அம்மா பருப்பை வேகவைத்து, மேலே தெளிந்த நீரை மெல்லிய துணியில் வடிகட்டிக் கொடுத்தார். மசித்த உணவுக்கு மாறியபோது, சமையலறை அலமாரியின் மேல்தட்டிலிருந்து ஒரு சின்ன வெள்ளிக் கிண்ணத்தை எடுத்து வந்தார். ஆறு மாதக் குழந்தையாக இருந்தபோது எனக்கு முதல் சோறு ஊட்டிய கிண்ணம் அது. ஒரு மீன்துண்டும் சிறிது உருளைக்கிழங்கும் மசித்தால் அது நிறைந்துவிடும். அதையும் அரை மணி நேரம் சாப்பிட வேண்டும். 23 வயது மகனுக்கு மீண்டும் அதே கிண்ணத்தில் உணவு வைத்தபோது அம்மா சிரித்தார். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டார்.

விதிகள் பல. உணவோடு தண்ணீர் குடிக்கக்கூடாது. அரை மணி நேரம் இடைவெளி விட வேண்டும். ஒவ்வொரு வாயையும் இருபது, முப்பது முறை மெல்ல வேண்டும். முதலில் புரதம், பிறகு காய்கறி, இடமிருந்தால் சோறு. நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம், ஒன்றரை லிட்டர் தண்ணீர். வைட்டமின், இரும்பு, கால்சியம் மாத்திரைகள் வாழ்நாள் முழுவதும். மாத்திரையை விட்டுவிட்டால் ரத்தசோகையும், பி12 குறைபாட்டால் நரம்புப் பாதிப்பும் வரக்கூடும்.

பசி இல்லாததால் சாப்பிட மறந்துபோகும் நிலையும் வந்தது. அப்போதுதான் அம்மாவின் கேள்வி மாறியது. “பசியாறியாச்சா?” என்று கேட்க வாயெடுத்து, பாதியில் நிறுத்தி, “தண்ணி குடிச்சியா?” என்று கேட்டார். பிறகு அதுவே வழக்கமானது. பல்கலைக்கழகத்தில் இருக்கும்போது கைப்பேசிக்கும் அதே செய்தி வரும்.

படத்தில் வராதவை

மூன்று மாதத்தில் 20 கிலோ குறைந்தது. ஆனால் நான்காம் மாதம் குளியலறையில் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. வேகமாக எடை குறையும்போது இது பலருக்கும் நேர்வது. சில மாதங்களில் மீண்டும் வளரும் என்றார்கள். எனக்கும் வளர்ந்தது. வயிற்றிலும் கைகளிலும் தோல் தொங்குகிறது. அது உடற்பயிற்சியால் முழுவதும் சரியாகாது. நெஞ்செரிச்சல் சில நாள் இன்னமும் வரும்.

பரோட்டாக் கடையை இழந்த துக்கம் உண்மையானது. சிரிக்காதீர்கள். என் ஒவ்வொரு தோல்விக்கும் ஆறுதல் சொன்ன இடம் அது. ஆறாம் மாதம், ஒரு தேர்வில் மோசமாகச் செய்த இரவு, வழக்கம்போல் கீழே இறங்கினேன். கடை வாசல் வரை போய் நின்றேன். பிறகு நண்பனுக்கு அழைப்பு விடுத்தேன். இருவரும் பூங்கா இணைப்புப் பாதையில் நள்ளிரவு வரை நடந்தோம். மனநல நிபுணர் கேட்ட கேள்விக்கு அன்றுதான் எனக்குப் பதில் கிடைத்தது.

இன்னொன்றுக்கு நான் தயாராக இருக்கவில்லை. பேருந்தில் என் பக்கத்து இருக்கை முன்பெல்லாம் காலியாகவே இருக்கும். இப்போது மக்கள் அமர்கிறார்கள். குழுப்பணியில் முன்பு கண்டுகொள்ளாதவர்கள் என் கருத்தைக் கேட்கிறார்கள். மகிழ வேண்டியதுதான். ஆனால் நான் முன்பும் அதே கருத்துகளைத்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

குறுக்குவழியா?

தீபாவளிக்கு உறவினர்கள் வந்திருந்தபோது உண்மை வெளியே வந்தது. வாழையிலையில் மூன்று வாய் சாப்பிட்டு எழுந்த என்னைப் பார்த்து அத்தை பதற, தங்கை உளறிவிட்டாள். மாமா சிரித்தார். “கத்தி வெச்சுக் குறைச்சியா? அது குறுக்குவழி தம்பி. வாயைக் கட்டியிருந்தா போதுமே!”

நான் பதில் சொல்வதற்குள் அம்மா சொன்னார். “எட்டு மாசம் ஆஸ்பத்திரிக்கு நடந்தான் அண்ணே. ரெண்டு மாசம் கிண்ணத்துல கஞ்சி குடிச்சான். ஒருநாள் நீங்க அப்படி இருந்து பாருங்க.” மாமா அதற்குமேல் பேசவில்லை. அன்றிரவு அம்மா, “நான் ஆக்கினதாலன்னு இனி கேக்க மாட்டேன்” என்று மட்டும் சொன்னார்.

இன்று என் எடை 95 கிலோ. புலாவ் தெக்கோங்கிலிருந்து வெளிவந்தபோது இருந்த எடைக்கு அருகில்தான் நிற்கிறேன். அட்டவணைப்படி இன்னும் நான் பருமனானவன்தான். ஆனால் அன்று 98 கிலோவில் நாள் முழுவதும் பசியோடு போராடினேன்; இன்று போராட்டம் சிறியது. சர்க்கரை அளவு 5.6 விழுக்காடு, நீரிழிவு மாத்திரை நிறுத்தப்பட்டுவிட்டது. நோய் தணிந்திருக்கிறது என்றுதான் மருத்துவர் சொல்கிறார். குணமாகிவிட்டது என்று சொல்வதில்லை. இரண்டாவது தூக்கப் பரிசோதனைக்குப் பின் முகக்கருவியும் தேவைப்படவில்லை.

ஒரு கட்டத்தில் 93 கிலோ வரை போனேன். பிறகு இரண்டு கிலோ கூடியது. காரணம், தே தாரேக். சோறு நிறைக்கும் இடத்தைத் தேநீர் நிறைப்பதில்லை. இனிப்புப் பானம் எதுவும் சிறிய இரைப்பையில் தங்காமல் வழுக்கிக்கொண்டு போய்விடும். பசியும் ஓராண்டுக்குப் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்புகிறது. அதற்குள் புதிய பழக்கங்களைப் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று உணவியல் நிபுணர் சொன்னது இப்போதுதான் எனக்குப் புரிகிறது.

யோசிக்கும் இளையருக்கு

பத்துக் கிலோ குறைத்து மெலிவாகத் தெரிய விரும்புவோருக்கானது அன்று இந்தச் சிகிச்சை. கடுமையான உடற்பருமனும் அதன் நோய்களும் உள்ளோருக்கானது. சிங்கப்பூரில் பெரும்பாலும் 18 வயதுக்கு மேற்பட்டோருக்கே செய்கிறார்கள். உங்களுக்குப் பொருந்துமா என்று தெரிய, பலதுறை மருந்தகத்திலிருந்து தொடங்குங்கள். அங்கிருந்து பரிந்துரைக் கடிதம் பெற்று மருத்துவமனைக்குச் செல்லலாம்.

சந்திப்புக்குப் போகும்போது கேள்விகளை எழுதிக்கொண்டு போங்கள். எனக்கு எந்த முறை பொருந்தும், ஏன்? எத்தனை ஆண்டுகள் என்னைத் தொடர்ந்து கவனிப்பீர்கள்? எடை திரும்பினால் என்ன வழி? மது உடலில் வேகமாக ஏறும் என்பதையும், ஐபுபுரூஃபன் போன்ற வலிநிவாரணிகளை மருத்துவரைக் கேட்காமல் எடுக்கக்கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள். பெண்கள், அறுவைக்குப் பின் 12 முதல் 18 மாதங்கள் வரை கருத்தரிப்பைத் தள்ளிப்போட வேண்டும்.

வேதிப்பொருள்களோ எடையோ எதுவாக இருந்தாலும், வீட்டில் சமைப்பவரை முதல் சந்திப்புக்கே அழைத்துச் செல்லுங்கள். என் இரைப்பையில் நடந்த மாற்றத்தை என் அம்மாவின் சமையலறையும் சேர்ந்து சுமந்தது. அவர் இல்லாமல் அந்த இரண்டு மாதத்தை நான் கடந்திருக்க மாட்டேன்.

அறுவை சிகிச்சை செய்துகொண்ட நண்பர் உங்களுக்கு இருந்தால், “எவ்வளவு குறைஞ்சது?” என்று கேட்காதீர்கள். அவர் மெதுவாகச் சாப்பிடும்போது உடன் உட்கார்ந்திருங்கள். அது போதும்.

அடுத்த வாரம் எனக்கு மீண்டும் ரத்தப் பரிசோதனை. ஆண்டுதோறும் இனி இது உண்டு. இந்தக் கட்டுரையை நூலகத்தில் எழுதி முடிக்கும்போது கைப்பேசி ஒலித்தது. அம்மாதான். இரண்டு கேள்விகள் அனுப்பியிருந்தார்: “தண்ணி குடிச்சியா? பசியாறியாச்சா?”

கொஞ்சம் பசிக்கிறது என்று பதில் அனுப்பினேன்.